பெரியம்மா போட்ட மேசை

பெரியப்பா கனடாவின் பனிக்குப் பயப்படவில்லை. வெயர்ஹவுஸில் மாறி மாறி வந்த ஷிஃப்டுகளுக்கும் பயப்படவில்லை. நகரசபையிலிருந்து வரும் கடிதத்துக்கு மட்டும் பயந்தார். அப்படி ஒன்று வந்தால் உறையைப் பிரிக்காமல் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, நான் பாலில் போட்ட சீரியலைச் சாப்பிட்டு முடித்து அதை வாசித்துச் சொல்லும்வரை எதிரே உட்கார்ந்திருப்பார். ஆங்கிலம் அவருக்கும் வாசிக்கத் தெரியும். கெட்ட செய்தியை ஒரு பிள்ளையின் வாயால் கேட்டால் சூடு கொஞ்சம் குறையும் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மாவும் அப்பாவும் நானும் நகரின் நடுவே சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடித் தொகுதியில் பதினாறாம் மாடியில் இருந்தோம். இருவருக்கும் சனிக்கிழமையும் வேலை. ஆகவே கோடை விடுமுறை தொடங்கியதும் என்னையும் ஒரு சூட்கேஸையும் ஸ்காபரோவில் பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். பெரியம்மா என் அம்மாவின் அக்கா. அவருடைய பிள்ளைகள் வளர்ந்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டதால், அந்த வீட்டில் செல்லம் கொடுக்க என்னைத் தவிர ஆள் இருக்கவில்லை. நான் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டேன்.

அந்த வருடம் வந்த கடிதத்தில் தண்டம் ஒன்றும் இல்லை. இரண்டு சனிக்கிழமைகள் கழித்து எங்கள் வீதி காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை மூடப்படும், வாகனங்களை அதற்கு முன்பே அப்புறப்படுத்த வேண்டும் என்று இருந்தது. கோடையில் கரீபிய மக்கள் நடத்தும் கார்னிவலுக்கு முன்னோட்டமாகச் சிறுவர்களின் ஊர்வலம் ஒன்று எங்கள் வீதியால் பூங்காவுக்குப் போகப்போகிறது. மொத்தம் ஏழு குழுக்கள்.

பெரியப்பா, "அப்ப காரை எங்க விடுறது?" என்று கேட்டார்.

பெரியம்மா குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தார். "மேளமும் வருமோ பிள்ளை?" என்று கேட்டார்.

வரும் என்றேன். ஒரு லொறி நிறைய வரும், நடந்தும் வரும். பெரியம்மா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் சோற்றுக்கு உப்பு இருக்கவில்லை. அவருடைய யோசனை வேறெங்கோ இருந்தது.

அவருடைய யோசனை எங்கே இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். பெரியம்மாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவில் பிறந்தவர்கள். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். அந்த ஊரில் கோயில் பெருநாளன்று மாதாவின் சொரூபத்தைத் தோளில் வைத்து, பாண்ட் வாத்தியத்தோடு வீதி சுற்றி வருவார்கள். வழியில் இருக்கும் வீட்டுக்காரர் வாசலில் மேசை போட்டு, வெள்ளை விரித்து, மெழுகுதிரி கொளுத்தி, குடிக்க ஏதாவது கரைத்து வைத்திருப்பார்கள். மேசை போட்ட வீட்டில் சொரூபம் நிற்கும். பாண்ட்காரர் ஒரு பாட்டு வாசிப்பார்கள். தண்ணீர் குடிப்பார்கள். பிறகு அடுத்த வீடு. பெரியம்மாவுக்கு இது உலகப் பொதுச் சட்டம். மேளத்தோடு ஒரு கூட்டம் வாசலைக் கடந்தால் வீட்டுக்காரர் மேசை போடவேண்டும். மேசையைக் கண்டால் கூட்டம் நிற்கவேண்டும். கார்னிவல் என்றால் என்ன, பெருநாள் என்றால் என்ன, மேளம் மேளம்தானே.

ஆனால் அவர் ஒரு தடவைகூட மேசை போட்டதில்லை. அவர்கள் வீட்டுப் பக்கம் சொரூபம் வருவதில்லையாம். ஒவ்வொரு வருடமும் மற்றவர்களின் வாசல் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். மாவைப் பிசைந்துகொண்டே அதை என்னிடம் சொன்னார். "ஒருக்காவாவது எங்கட வாசலிலை நிண்டு வாசிச்சுப் போகவேணும் எண்டு எனக்குச் சரியான ஆசை, பிள்ளை. எனக்கும் அறுபது ஆகுது."

நான் உடனே, "நிற்பார்கள் பெரியம்மா, கட்டாயம் நிற்பார்கள்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஏழு குழுக்களின் சார்பாகவும்தான்.

வாக்குக் கொடுத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஜனெலிடமும் போய்ச் சொன்னேன். ஜனெலின் குடும்பம் திரினிடாட்டிலிருந்து வந்தது. அவளுக்குப் பத்து வயது. என்னைவிட ஒரு வயது கூட என்பதை அவள் ஒரு நாளும் மறக்கவிட்டதில்லை. ஊர்வலத்தில் வரும் ஸ்டீல் பான் குழு ஒன்றில் அவளும் இருந்தாள். ஸ்டீல் பான் என்பது எண்ணெய்ப் பீப்பாயை அறுத்து, முகத்தைக் குழியாகத் தட்டி, ஒவ்வொரு குழிக்கும் ஒரு சுரம் ஏற்றிய வாத்தியம். ஆனால் ஜனெலுக்குப் பான் கொடுக்கவில்லை. அவளுடைய வாத்தியம் ஒரு பழைய காரின் பிரேக் டிரம். இரண்டு இரும்புக் கம்பியால் அதை அடிக்கவேண்டும். குழுவில் அதற்குப் பெயர் 'இரும்பு'. பான் வாசிப்பவர்கள் தடம் மாறாமல் ஓடுவது இரும்பின் தாளத்தில்தான் என்று அவள் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு நம்பவேண்டி வந்தது.

ஊர்வலக் குழுக்கள் எவருக்காகவும் நிற்காது என்றாள் ஜனெல். பூங்காவில் நடுவர்கள் இருப்பார்கள், பிந்தினால் புள்ளி குறைப்பார்கள், மேசை போட்டால் என்ன கட்டில் போட்டால் என்ன. நான் நிற்கும் என்றேன். பந்தயம் கட்டினோம். தோற்றவர் ஒரு கிழமைக்குத் தன் பங்கு ஐஸ்பழத்தை மற்றவருக்குக் கொடுக்கவேண்டும். ஜூலை மாதத்தில் அது சின்ன விஷயமல்ல.

ஜனெல் அவர்கள் வீட்டுப் பின்வளவில் பின்னேரங்களில் பழகுவாள். டிங்கு டிக டிங்கு, டிங்கு டிக டிங்கு. முதல் நாளே பெரியம்மா குசினி ஜன்னலை அடித்துச் சாத்தினார். சட்டி அடிக்கிறதற்கும் ஒரு பள்ளிக்கூடமோ என்று கேட்டார். மூன்றாம் நாள் ஜன்னல் பாதி திறந்திருந்தது. பத்தாம் நாள் பெரியம்மா வெங்காயம் வெட்டும் கத்தி அந்தத் தாளத்தில்தான் விழுந்தது. எனக்கோ உட்கார முடியாது. அந்த இரும்புச் சத்தத்தில் ஏதோ இருந்தது. காதால் போய் முழங்காலில் இறங்கியது. நான் வேலியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் அதற்கு முன் கேட்டதில்லை.

தாளத்தில் ஓர் இடம் இருந்தது. எட்டுச் சுற்று முடிந்ததும் எல்லா வாத்தியமும் சட்டென்று அடங்கும். ஒரு மூச்சு நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு இரும்பு தனியாக விழுந்து எல்லாரையும் திரும்பக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். ஜனெல் ஒவ்வொரு தடவையும் முந்தி அடித்துவிடுவாள். அவளுக்குப் பொறுமை இல்லை.

"பொறு பிள்ளை, பொறு," என்று ஜன்னலுக்குள்ளிருந்து பெரியம்மா சொல்வார். ஜனெலுக்குத் தமிழ் தெரியாது. பெரியம்மாவுக்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை. "உவள் உந்த இடத்திலைதான் பிழைக்கிறாள்," என்று என்னிடம் முறையிட்டுவிட்டு, தானே அகப்பையால் சட்டி மூடியில் சரியாக அடித்துக் காட்டுவார்.

வெள்ளிக்கிழமை முழுக்க, கறியை உள்ளே வைத்துப் பொரிக்கும் றோல்ஸ் சுற்றினோம். ஆட்டிறைச்சியில் நூற்றைம்பது, மரக்கறியில் ஐம்பது. எலுமிச்சை பிழிந்து இரண்டு பெரிய வாளிகளில் தேசிக்காய்த் தண்ணி. பெரியப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு திரிந்தார். சனிக்கிழமை காலை பெரியம்மா கலியாணக் கூறைக்கு அடுத்த நல்ல சேலையை உடுத்திக்கொண்டு, ஹோலில் இருந்த மாதா சொரூபத்தைத் தூக்கியபோதுதான் அவர் வாய் திறந்தார்.

"இஞ்சேர், மாதாவைக் கொண்டுபோய் உந்த ஆட்டத்துக்கு முன்னாலையோ வைக்கப்போறாய்?"

"அவவும் கன காலமா வீட்டுக்குள்ளதானே இருக்கிறா," என்றார் பெரியம்மா.

பெரியப்பா காரை மூன்று வீதி தள்ளிக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நடந்து வந்து, மடக்குக் கதிரையைப் போட்டுப் புல்லில் உட்கார்ந்தார். தனக்கும் இந்த மேசைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும் அளவுக்குத் தள்ளிப் போட்டிருந்தார்.

வீதி இரண்டு பக்கமும் சனம். பதினொரு மணிக்கு முதல் குழு வந்தது. வண்ணத்துப்பூச்சிச் சிறகு கட்டிய சின்னப் பிள்ளைகள், பின்னால் வீட்டளவு உயரத்துக்கு ஸ்பீக்கர் அடுக்கிய லொறி. அந்தச் சத்தத்தில் எங்கள் மேசையில் கிளாஸ்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. பெரியம்மா மெழுகுதிரியைக் கொளுத்தி, நிமிர்ந்து நின்றார். அவர்கள் எங்களுக்குக் கை காட்டினார்கள். அழகாகச் சிரித்தார்கள். போய்விட்டார்கள்.

இரண்டாவதும் போனது. மூன்றாவது குழுவில் ஒரு தகப்பன் ஓடிவந்து ஒரு றோல்ஸை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு ஓடினார். நாலாவதும் ஐந்தாவதும் கடந்தன. காற்று மெழுகுதிரியை அணைக்கும், பெரியம்மா திரும்பக் கொளுத்துவார். பக்கத்தில் நின்ற சிலர் மாதாவைப் பார்த்துக் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. பெரியம்மாவுக்கும் கேட்டிருக்கும். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஐஸ்பழத்தை நான் மறந்தே போனேன். ஏழு குழுக்களின் சார்பாக வாக்குக் கொடுத்தவள் நான் அல்லவா.

"காணுமப்பா, நிண்டது போதும். உள்ள வாங்கோ, வெய்யில்," என்றார் பெரியப்பா. அவர் பெரியம்மாவை வாங்கோ என்று அழைத்ததை அன்றைக்குத்தான் முதன்முறை கேட்டேன்.

பெரியம்மா அசையவில்லை.

ஆறாவதாக ஜனெலின் குழு வந்தது. அவர்களுக்கு லொறி இல்லை. குழாயால் செய்த சட்டங்களில் பான்களைத் தொங்கவிட்டு, சில்லுப் பூட்டி, பெற்றோர் தள்ளிக்கொண்டு வர, பிள்ளைகள் கூடவே நடந்து வாசித்தார்கள். அறுபது எழுபது பிள்ளைகள் இருக்கும். முன்னால் ஒல்லியான, தாடி நரைத்த ஒருவர் தொப்பி போட்டுக்கொண்டு பின்பக்கமாக நடந்தபடி கையால் அவர்களை நடத்தினார். இயந்திரம் இல்லாமல், மின்சாரம் இல்லாமல், வெறும் இரும்பும் கையும் சேர்ந்து வீதியை அப்படி நிறைக்கும் என்று நான் நினைத்ததில்லை. சத்தம் தண்ணீர்போல ஓடியது. அதற்கு அடியில் ஜனெலின் தாளம்: டிங்கு டிக டிங்கு.

பெரியம்மா விரலை மடக்கி எண்ணுவதைக் கண்டேன். ஐந்து, ஆறு, ஏழு. பிறகு றோல்ஸ் சட்டியின் மூடியைத் தூக்கினார்.

எட்டு. எல்லாம் அடங்கியது. ஜனெல் கையை ஓங்கினாள். ஓங்கியபோது எங்கள் பக்கம் பார்த்தாள். பெரியம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு கையில் மூடியும் மறுகையில் அகப்பையுமாக, கண்ணை விரித்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறு பிள்ளை. ஜனெலின் கை காற்றில் நின்றது. ஒரு மூச்சு. பிறகு அகப்பையும் இரும்புக் கம்பியும் ஒன்றாக விழுந்தன. மயிரிழை பிசகவில்லை. எழுபது பேரும் அந்த அடியில் திரும்பப் பாய்ந்தார்கள்.

தாடிக்காரர் தன் குழுவில் இல்லாத ஒரு சத்தம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பினார். வெள்ளைத் துணி, மெழுகுதிரி, மலை மாதிரி றோல்ஸ், நடுவில் மாதா. மூடியை அடித்துக்கொண்டு ஒரு சேலைக்காரி. அவர் தொப்பியைக் கழற்றினார். நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு வலக்கையை உயர்த்தினார்.

குழு நின்றது. எங்கள் வாசலில்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வராது. பிள்ளைகள் மேசையை மொய்த்தார்கள். நான் கிளாஸ் கிளாஸாகத் தேசிக்காய்த் தண்ணி ஊற்றினேன். பின்னால் வந்த ஏழாவது குழுவின் லொறி ஹோர்ன் அடித்தது. மஞ்சள் மேலங்கி போட்ட இளைஞன் ஒருவன் விசில் ஊதிக்கொண்டு, நகருங்கள் நகருங்கள் என்று ஓடிவந்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது பெரியப்பாவின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. வீட்டுக்குள்ளிருந்து அவர் வெளிப்பட்டார். வேலைக்குப் போடும் மஞ்சள் சேஃப்டி வெஸ்ற் உடம்பில், வெயர்ஹவுஸ் அடையாள அட்டை கழுத்தில். நேரே வீதியின் நடுவுக்குப் போனார். லொறிக்கு முன்னால் நின்று இரண்டு கைகளையும் விரித்து, ஃபோர்க்லிஃப்ட்டை நிறுத்தும் அதே மிடுக்கோடு, "ஃபைவ் மினிற்ஸ்," என்றார். லொறிச் சாரதி எஞ்சினை நிறுத்தினான். விசில்காரன் பெரியப்பாவின் வெஸ்ற் தன்னுடையதைவிடப் பழையது, ஆகவே பதவியும் பெரியது என்று எண்ணியிருக்கவேண்டும். விசிலை வாயிலிருந்து எடுத்தான். பெரியப்பா அவன் கையில் ஒரு றோல்ஸைக் கொடுத்து, ஓரமாக நிற்கச் சொன்னார். நகரசபையின் கடிதத்துக்கு நடுங்கிய மனிதர் அவர்.

பிள்ளைகள் குடித்து முடித்ததும் தாடிக்காரர் சட்டங்களை எங்கள் வாசலைப் பார்க்கத் திருப்பச் சொன்னார். ஒரு முழுப் பாட்டு வாசித்தார்கள். நடந்துகொண்டே அல்ல, நின்று, மேசையைப் பார்த்து. ஜனெல் ஒரு கம்பியை என் கையில் திணித்தாள். பிரேக் டிரம்மின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான். இரும்பின் அதிர்வு கை வழியாக ஏறிப் பல்லுக்குள் கேட்டது. குசுகுசுத்தவர்கள் ஆடினார்கள். விசில்காரன் ஆடினான். பெரியப்பா கைகளை விரித்தபடியே இடுப்பை மட்டும் ஆட்டினார். அந்த வீதியே எங்களுடையது என்று எனக்குப் பட்டது. இந்த வயதிலும் அதற்கு ஈடான ஒரு வெற்றியை நான் கண்டதில்லை.

பெரியம்மா மட்டும் வாத்தியத்தைப் பார்க்கவில்லை. பாட்டு நடக்கும்போதும் சில குட்டிப் பிள்ளைகள் திரும்ப வந்து கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டு, அவர்கள் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை அந்த வாய்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜனெலின் குழு பூங்காவுக்குப் பிந்திப் போய், புள்ளி இழந்து, ஏழாவதாக வந்தது. அடுத்த வருடமும் நிற்போம் என்று தாடிக்காரர் சொன்னதாக ஜனெல் வந்து சொன்னாள். ஒரு கிழமை ஐஸ்பழத்தையும் முகம் சுளிக்காமல் தந்தாள்.

மறுநாள் ஞாயிறு பின்னேரம் அம்மா என்னைப் பார்க்க வந்தார். சப்பாத்தைக் கழற்றவிடாமல் நான் கதவடியிலேயே தொடங்கிவிட்டேன். தொப்பி கழற்றியதை நடித்தேன். பெரியப்பாவை நடித்தேன். சிரிக்கவேண்டிய இடங்களில் அம்மா சிரிக்கவில்லை. என்னைத் தாண்டிப் பெரியம்மாவைப் பார்த்தார்.

"தண்ணி வாங்கிக் குடிச்சவையோ அக்கா?"

"குடிச்சவை. எல்லாரும் குடிச்சவை. கேட்டுக் கேட்டுக் குடிச்சவை."

அக்காவும் தங்கையும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு நல்ல கதை, அதைச் செத்தவீடாக்கிவிட்டார்களே. அந்த வெய்யிலில் யார்தான் தண்ணீர் குடிக்கமாட்டார்கள்? கதையைத் திரும்ப என் பக்கம் இழுப்பதற்காக, அப்படியென்றால் ஊரில் ஏன் உங்கள் வாசலில் ஊர்வலம் நிற்கவில்லை என்று கேட்டேன். அம்மா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கட ஒழுங்கை சின்னன், பிள்ளை. அதுக்குள்ள சொரூபம் திரும்பாது," என்றார். நியாயமாகப் பட்டது. வெளியே ஜனெல் கூப்பிட்டாள், ஓடிவிட்டேன்.

போன வருடம் அம்மாவோடு அந்தத் தீவுக்குப் போனேன். கோயில் மதிலைக் கடந்து, சின்னன் என்று பெரியம்மா சொன்ன அந்த ஒழுங்கையின் முகப்பில் நின்றோம். கல் ஏற்றிய லொறி ஒன்று உள்ளேயிருந்து வந்து, எங்களைச் சுற்றி, ஒரே வெட்டில் திரும்பிப் போனது. நான் அம்மாவைப் பார்த்தேன். அப்போதுதான் சொன்னார். அந்த ஒழுங்கையில் இருந்தவர்களைக் குறைந்த சாதி என்று வைத்திருந்தார்கள். சொரூபத்தைத் தோளில் காவுகிற ஆட்கள் அதற்குள் கால் வைக்கமாட்டார்கள். அங்கே எந்த வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். பெரியம்மா எழுபது பிள்ளைகளின் வாயை ஏன் அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று, லொறி கிளப்பிய புழுதிக்குள் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது.